தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற மலருக்கு அப்பா எழுதறது

மலரு,

ஜூலுக்காரங்க, அதான் அந்த மண்ணோட கறுப்பு ஜனங்க, அவங்ககிட்ட ஏன் தள்ளி இருக்கச் சொல்றாங்கன்னு போன்ல நீ கேட்டப்ப அப்புறம் சொல்றேன்னு வெச்சுட்டேன், அது போன்ல சொல்லி முடியற கதை இல்ல. உங்க ஆபீஸ்ல நம்ம ஆளுங்களே, அஞ்சு தலைமுறையா அங்கயே பொறந்து வளர்ந்தவங்க, "ஜூலுக்காரங்ககிட்ட கொஞ்சம் தள்ளியே இரும்மா"ன்னு சொன்னதா சொன்னியே, அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அவங்க பயத்துக்கு காரணமே இல்லன்னு நான் சொல்லல. ஆனா நீ சம்பளம் வாங்கற ஊரு யாரு கையில இருந்து யாரு கைக்கு எப்படி போச்சுன்னு தெரிஞ்சுக்காம அந்த பயத்தை மட்டும் வாங்கி வெச்சுக்காத.

நான் சர்வே டிபார்ட்மெண்ட்ல சங்கிலி புடிச்சு காலம் தள்ளினவன், எனக்கு சரித்திரம்னாலே யாரு கல்லு நட்டான், யாரு கையெழுத்து போட்டான்ங்கறதுதான். ஜூலுன்னு யூடியூப்ல தேடினா அவங்க பழைய ராஜா ஷாக்கா வருவாரு, ஈட்டி வரும், இசாண்ட்ல்வானா சண்டை வரும். 1879 ஜனவரி 22, சுமார் இருபதாயிரம் ஜூலு வீரர்கள், பெரும்பாலும் ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமும்தான், துப்பாக்கி பீரங்கியோட கூடாரம் போட்டிருந்த பிரிட்டிஷ் முகாமை ஒரே மத்தியானத்துல காலி பண்ணிட்டாங்க. பிரிட்டிஷ் பக்கம் 1,300 பேருக்கு மேல செத்தாங்க, அன்னிக்கு சூரிய கிரகணம் வேற. பெரிய ஜெயம்தான், ஆனா அதைவிட என்னை உலுக்கினது அதுக்கு முந்தின வருஷம் நடந்த ஒரு எல்லை கமிஷன்.

டிரான்ஸ்வால்ல குடியேறின டச்சு வழி வெள்ளைக்காரங்க, அதாவது போயர்களுக்கும், ஜூலு ராஜா செட்ஷ்வாயோவுக்கும் ரத்த நதி பக்கம் ஒரு எல்லை தகராறு. 1878ல நேட்டால், அதான் டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனி, அதோட அரசாங்கமே கமிஷன் போட்டுச்சு, பேப்பரை எல்லாம் புரட்டிப் பாத்து நியாயம் பெரும்பாலும் ஜூலு பக்கம்தான்னு ரிப்போர்ட்டும் குடுத்துச்சு. அந்த ரிப்போர்ட் யாரு மேஜைக்கு போச்சு தெரியுமா, பார்ட்டில் ஃப்ரியர்னு ஒருத்தரு, அங்க பிரிட்டிஷ் ஹை கமிஷனரு, நம்ம பம்பாய்ல கவர்னரா இருந்துட்டு அங்க போனவரு. அவரு அதை மாசக்கணக்கா வெளிய விடவே இல்ல. கடைசியில டிசம்பர் 11ம் தேதி துகேலா ஆத்தங்கரையில ஒரு அத்தி மரத்தடியில ராஜாவோட ஆளுங்களை வரச்சொல்லி, எல்லை தீர்ப்பு உங்களுக்குத்தான் சாதகம்னு படிச்சுட்டு, அதே நாள் அதே எடத்துல உங்க படை முறையையே கலைக்கணும், முப்பது நாள் டைம்னு இன்னொரு ஓலையும் படிச்சாங்க. ஒரு கையில பட்டா, இன்னொரு கையில ஜப்தி நோட்டீஸ். எந்த ராஜாவும் ஒத்துக்க முடியாத நிபந்தனை, ஒத்துக்கக்கூடாதுன்னே எழுதினது. ஜனவரி 11ம் தேதி பிரிட்டிஷ் படை ஆத்தை தாண்டிடுச்சு.

இசாண்ட்ல்வானாவுல ஜெயிச்சும் ஜூலை 4ம் தேதி உலுண்டியில தோத்தாங்க, ஊரை கொளுத்திட்டாங்க, ராஜாவை புடிச்சு கேப் டவுன் கோட்டைக்கு கொண்டு போயிட்டாங்க. 1882ல லண்டனுக்கு போயி விக்டோரியா ராணியை நேராவே பாத்து தன் நாட்டை கேட்டாரு அந்த மனுஷன். இந்த இடைவெளியில அங்க வோல்ஸ்லிங்கற பிரிட்டிஷ் தளபதி என்ன பண்ணாருன்னா, ஜூலு நாட்டை 13 துண்டா வெட்டி 13 தலைவர்கள்கிட்ட குடுத்துட்டாரு, அதுல ஒருத்தரு ஜான் டன்னுன்னு ஒரு வெள்ளைக்காரரு! ராஜாவுக்கு ஆகாதவங்களா பாத்து சிலருக்கு பெரிய துண்டா குடுத்தாரு. நாம ஒரு பங்காளி சொத்தை அப்படி பிரிச்சா அடுத்த நாளே வெட்டுக்குத்துதான், அங்கயும் அதேதான் ஆச்சு. 1883ல ராஜாவை திருப்பி கொண்டு வந்து விட்டாங்க, அதுவும் குறைச்ச நிலத்தோட, அந்த வருஷமே ஸிபேபுங்கற தலைவன் அவரோட ஊரை அடிச்சு நொறுக்கிட்டான், 1884 பிப்ரவரியில எஷோவேல அவரு செத்துப்போனாரு. வெளிய இருந்து பாக்கறவனுக்கு "இவனுங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டானுங்க"ன்னு தோணும். துண்டு போட்டது யாருன்னு பாக்கணும்ல.

அவரு பையன் டினுஜூலு சின்ன பையன், ஸிபேபுவை ஜெயிக்க போயர்களை கூப்பிட்டான், ஜெயிச்சுக் குடுத்துட்டு கூலியா ஜூலு நாட்டுல ஒரு பெரிய பகுதியை பண்ணை பண்ணையா அளந்து எடுத்துக்கிட்டாங்க, ஃப்ரைஹைட்னு ஒரு ஊரு இருக்கே, அது அந்த பண்ணைக்காரங்க குடியரசோட தலைநகரம். மிச்சத்தை 1887ல பிரிட்டிஷ்காரங்க தங்களோடதுன்னு அறிவிச்சாங்க. எதிர்த்த டினுஜூலுவை செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பிட்டாங்க, நெப்போலியனை வெச்ச அதே தீவு.

1897 கடைசியில ஜூலு நாட்டை நேட்டாலோட சேத்தாங்க. 1902ல இருந்து 1904 வரைக்கும் ஒரு நில வரையறை கமிஷன் வந்துச்சு, எங்க துறை வேலைதான், அதை படிக்கறப்ப எனக்கு கை கூசுச்சு. நிலத்துல அஞ்சுல ரெண்டு பங்கு கிட்ட வெள்ளைக்காரங்களுக்குன்னு பிரிச்சாங்க, கரும்பு போடறதுக்கு தோதான கடலோரமும் அதுல உண்டு. நீ வடக்க கார்ல போறப்ப ரெண்டு பக்கமும் பச்சையா தெரியற கரும்பு சும்மா வந்தது இல்ல பாப்பா.

இங்கதான் நம்ம கதையும் ஒட்டுது. நேட்டால்ல கரும்பு போட்டவங்களுக்கு முதல்ல ஆள் கிடைக்கல. ஜூலுக்காரங்களுக்கு சொந்தமா மாடு இருந்துச்சு, சோளம் போட நிலம் இருந்துச்சு, அவன் எதுக்கு இன்னொருத்தன் தோட்டத்துல கரும்பு வெட்டணும்? அதுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு சோம்பேறி. 1849லயே குடிசைக்கு 7 ஷில்லிங் வரி போட்டாங்க, 1875ல அதை 14 ஆக்கினாங்க, வரி கட்ட காசு வேணும், காசு வேணும்னா கூலிக்கு வரணும், அதுதான் கணக்கு. முதல் வரி போட்டும் ஆள் பத்தலன்னுதான் மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம ஜனங்களை ஏத்தினாங்க, 1860 நவம்பர் 16ம் தேதி டர்பன்ல இறங்கினாங்க, 1911க்குள்ள ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல. அவன் வரமாட்டேன்னதால நாம போனோம். ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்கு திரும்பாத நம்ம ஆளுங்களுக்கு 3 பவுண்ட் வரி, ஜூலு இளவட்டங்களுக்கு 1906ல 1 பவுண்ட் தலைவரி. ரெண்டு பேரையும் புழிஞ்சது ஒரே கஜானா.

அந்த தலைவரியை எதிர்த்துதான் கிரேடவுன் பக்கத்து பம்பாத்தா கிளம்புனாரு. மூவாயிரத்துக்கு மேல ஜூலுக்கள் செத்தாங்க, ஜூன் மாசம் மோமே பள்ளத்தாக்குல பம்பாத்தாவும் செத்துட்டாரு, அவருதான்னு காட்டறதுக்கு தலையை வெட்டி எடுத்தாங்க. நம்ம காந்தி அப்ப அரசாங்க பக்கம் ஸ்ட்ரெச்சர் தூக்கற படையை நடத்தினாரு, சார்ஜண்ட் மேஜர் பட்டத்தோட. சவுக்கால அடிபட்டு புண்ணு வெச்ச ஜூலுக்களுக்கு வெள்ளைக்கார ஆளுங்க மருந்து போட மாட்டேன்னாங்க, இவருதான் போட்டாரு. இது சண்டை இல்ல மனுஷ வேட்டைன்னு பின்னாடி சுயசரிதையில அவரே எழுதிருக்காரு. ஆனாலும் அந்த யூனிஃபார்மை போட்டுட்டு போனாருங்கறது எனக்கு இன்னும் உறுத்தத்தான் செய்யுது, உங்கம்மா இதை ஒத்துக்க மாட்டா.

1913 நிலச்சட்டம் நாடு முழுக்க கறுப்பர்களுக்கு சுமார் 7 சதவீத நிலம்தான்னு கட்டம் கட்டிடுச்சு, 1936ல 13 வரைக்கும்னாங்க. அதுக்கப்புறம் அப்பார்தைட், அதான் நிறத்தை வெச்சு ஜனங்களைப் பிரிக்கற சட்டம், ஜூலுக்களுக்குன்னு குவாஜூலுன்னு துண்டு துண்டா ஒரு "தாயகம்", தலைமை புத்தலேசிங்கற ஜூலு தலைவர். அவரு அதை தனி நாடா வாங்கிக்க மாட்டேன்னாரு, அது பெரிய விஷயம், ஆனா அவரோட இங்காட்டா கட்சிக்கும் மண்டேலாவோட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், அதான் ஏ.என்.சி, பக்கத்து ஆளுங்களுக்கும் நடந்த சண்டையில 80கள் 90கள்ல ஆயிரக்கணக்கான பேரு செத்தாங்க, அதுல வெள்ளை அரசாங்கத்து போலீஸ் கை எவ்வளவு இருந்துச்சுன்னு அப்புறம் விசாரணையில வெளிய வந்துச்சு.

உங்க ஆபீஸ்காரங்க பயத்துக்கு வர்றேன். 1949 ஜனவரி, டர்பன் டவுன்ல ஒரு இந்திய கடைக்காரர் ஒரு ஆப்பிரிக்க பையனை அடிச்சதுல கலவரம் மூண்டு 142 பேரு செத்தாங்க, அதுல 87 பேரு ஆப்பிரிக்கர்கள், 50 பேரு இந்தியர்கள். இந்த கணக்கை முழுசா யாரும் சொல்லமாட்டாங்க, ஆளாளுக்கு தன் பாதியை சொல்லுவாங்க. டர்பன்ல கேட்டோ மேனர்ங்கற பகுதியில வீட்டுக்காரன் இந்தியன், வாடகைக்கு இருந்தவன் ஜூலு, பஸ்ஸும் கடையும் இந்தியன் கையில, கறுப்பனுக்கு டவுன்ல கடை வைக்க லைசென்ஸ் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. பத்து வருஷத்துல அரசாங்கம் ரெண்டு பேரையும் அங்கருந்து பேத்து எறிஞ்சுச்சு, அவங்களை குவாமாஷுவுக்கு, நம்மவங்களை சாட்ஸ்வொர்த்துக்கு. 2021 ஜூலை கலவரத்துல, நம்மவங்க நிறைய இருக்கற ஃபீனிக்ஸ்ல 36 பேரு செத்தாங்களே, பெரும்பாலும் கறுப்பர்கள், அது இன்னும் ஆறல. உன்கிட்ட பேசறவங்க அதை எப்படி சொல்றாங்கன்னு காது குடுத்து கேளு, நீ வாய் குடுக்காத.

1994ல எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலுக்கு அப்புறம் நிலம் திரும்புச்சான்னா, பாதி கதைதான். தேர்தலுக்கு சில நாள் முன்னாடி அவசரமா இங்கோன்யாமா டிரஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு, சுமார் 28 லட்சம் ஹெக்டேர், ஜூலு ராஜா பேர்ல. அதுல குடியிருக்கறவனுக்கு பட்டா கிடையாது, அனுமதிச் சீட்டுதான். அதையும் டிரஸ்ட் போர்டு வாடகை ஒப்பந்தமா மாத்தச் சொல்லுச்சு, வருஷா வருஷம் வாடகை ஏறும். சொந்த தாத்தா மண்ணுல வாடகையா! 2021 ஜூன்ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹைகோர்ட் அது செல்லாது, வாங்கின பணத்தை திருப்பிக் குடுன்னுச்சு. இதுல ராஜாவை கையெடுத்து கும்பிடற ஜனங்களும் உண்டு, கேஸ் போட்ட ஜனங்களும் உண்டு, ரெண்டு பேருமே ஜூலுதான்.

லீவு நாள்ல இனாண்டா பக்கம் ஒருதரம் போயிட்டு வா, தனியா வேண்டாம், ஆபீஸ்ல உன் கூட உக்கார்ற அந்த ஜூலு பொண்ணையே கூட்டிட்டு போ. ஓஹ்லாங்கேல ஜான் டூபே கட்டின பள்ளிக்கூடம் இருக்கு, ஏ.என்.சியோட முதல் தலைவர் அவரு, காந்தியோட ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கருந்து கூப்பிடு தூரம். 1994ல மண்டேலா தன் முதல் ஓட்டை அந்த பள்ளிக்கூடத்துலதான் போட்டாரு. அந்த பொண்ணோட தாத்தா பாட்டி எந்த ஊர்ல இருந்து எப்ப கிளப்பப்பட்டாங்கன்னு கேட்டுப் பாரு, சொல்லுவா.

அம்மாவுக்கு சுகர் ரிப்போர்ட் வந்துடுச்சு, பரவால்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, நான் இவ்வளவு எழுதினேன்னு அவகிட்ட சொல்லாத, கண்ணு கெட்டுப் போகுதுன்னு திட்டுவா.

அப்பா