சாவி கொடுக்கும் வாட்சுக்கு பேட்டரி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நடந்த பழைய வாட்ச் சந்தையைப் பற்றி திங்கட்கிழமை இதழின் 5-ஆம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியும் ஒரு பெரிய படமும் போட்டிருந்தீர்கள். படத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாட்சைக் காதோடு ஒட்டி வைத்திருக்கிறார். கீழே, 'பேட்டரி இருக்கா? காதில் வைத்துச் சோதிக்கும் பெரியவர்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெரியவர் நான்தான். பெரியவர் என்று மரியாதையாகக் குறிப்பிட்டதற்கு நன்றி. வழுக்கை பற்றியும் எனக்குப் புகார் இல்லை, அது இருக்கிறது. இல்லாதது பேட்டரிதான்.

என் கையில் இருந்தது எச்.எம்.டி. என்ற அரசு கம்பெனியின் ஜனதா வாட்ச். சாவி கொடுத்தால் ஓடும், மறந்துவிட்டால் நிற்கும். அதற்குள் பேட்டரி வைக்க இடமே கிடையாது. இதை உங்களுக்குச் சொல்லித் தர நான் யார்? ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை வந்ததும், முதல் வாட்சுகளை நேரு வெளியிட்டதும் தாங்கள் அறியாததல்ல. போன மாதம் உங்கள் ஞாயிறு குறுக்கெழுத்தில்கூட 'கடிகாரத்துக்குக் கொடுப்பது, இரண்டு எழுத்து' என்று கேட்டிருந்தீர்கள். 'சாவி' என்று எழுதினேன், சரி என்று மறுவாரம் விடையும் வந்தது. குறுக்கெழுத்து போடுபவரும் படத்துக்கு வரி எழுதுபவரும் ஒரே கட்டடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? நடுவில் ஒரு கதவாவது இருக்காதா?

சரி, காதில் ஏன் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனதா வாட்சுக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 தடவை தட்டும், அதாவது நொடிக்கு ஐந்து. அந்தத் தட்டு சீராக இருக்க வேண்டும். இரண்டு கால் மனிதன் ஒரு காலை இழுத்து நடப்பதுபோல் டிக்... டக்டிக்... டக்டிக் என்று நொண்டினால் உள்ளே ஏதோ கோளாறு. மடித்த கைக்குட்டை மேல் படுக்க வைத்து ஒரு தடவை, சாவி மேலே இருக்கும்படி நிமிர்த்தி ஒரு தடவை, இரண்டு நிலையிலும் கேட்க வேண்டும். அன்றைக்கு அந்த வாட்ச் படுத்திருந்தபோது நன்றாகத்தான் பேசியது. நிமிர்த்தியதும் குரல் மெலிந்துபோனது. சக்கரத்தின் அச்சு முனை தலைமுடி கனம்தான் இருக்கும். அது தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உட்காரும், வாட்சுக்குள் பதித்த சின்னக் கல்லில் பழைய எண்ணெய் பசையாகிக் கிடக்க வேண்டும். மூன்றாயிரத்து ஐந்நூறு சொன்ன வியாபாரியிடம் இதைச் சொன்னேன். அவர் வாங்கித் தானும் ஒரு முறை காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார். அந்தக் காதுக்குத்தான் நீங்கள் பேட்டரி பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் நிருபர் தம்பி என்னோடு அரை மணி நேரம் பேசினார். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. கேட்டது மூன்று கேள்வி: உங்கள் வயது என்ன, உங்களிடம் இருப்பதிலேயே விலை அதிகமான வாட்ச் எது, வீட்டில் அம்மா திட்ட மாட்டார்களா. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கேட்காததையும் சொன்னேன். வரிசை வரிசையாகப் பளபளவென்று அடுக்கியிருந்த ஃபேவர் லூபா சீ கிங் என்ற பழைய சுவிஸ் வாட்சுகளைக் காட்டி, "தம்பி, இவை எப்படி அறுபது வருஷத்துக்கு அப்புறமும் நேற்று வாங்கினதுபோல இருக்கின்றன, யோசித்தீர்களா?" என்று கேட்டேன். டயலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுத்தை அச்சடிக்கும் வேலை அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் வட்டத்தை விட்டு விலகி நிற்கும். ஒரு டயலில் 'ஸ்விஸ்' என்பதிலேயே ஓர் எழுத்தைக் காணோம். டயல் ஒரு வாட்சுடையது, முள் வேறொன்றுடையது, கூடு மூன்றாவதுடையது. பழைய வாட்ச் தேடும் எங்கள் ஆட்களுக்குள் இதற்கு 'கதம்பம்' என்று பெயர். பூக்கடைக் கதம்பம் இதைவிட மலிவு.

என் கண் முன்னால் ஒரு கல்லூரிப் பையன் அப்படி ஒரு கதம்பத்துக்கு ஏழாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தான். "தாத்தாவுக்கு சர்ப்ரைஸ் சார்" என்றான். வாயைத் திறப்பதற்குள் ரசீது போட்டாகிவிட்டது. இதையெல்லாம் தம்பி குறித்துக்கொண்டார், பேனா ஓடியதை நானே பார்த்தேன். பேப்பரில் வந்தது ஒரு வரி: 'அபூர்வமான சுவிஸ் வாட்சுகள் பார்வையாளர்களைக் கவர்ந்தன.' கவர்ந்தன என்பது என்னவோ உண்மைதான்.

உங்கள் பேப்பருக்கும் எனக்கும் நாற்பது வருஷப் பழக்கம். அந்த உரிமையில் இன்னும் இரண்டு விஷயம். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட எச்.எம்.டி. கிடைக்காமல் பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போட்ட காலத்தைப் பற்றி, இரண்டு பக்கம், கையெழுத்தில். வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே ஒரு நடிகர் கையில் கட்டியிருந்த வெளிநாட்டு வாட்ச் எத்தனை லட்சம் என்று அரைப் பக்கம் வந்தது. இடம் இருந்திருக்கிறது, ஜனதாவுக்குத்தான் இல்லை.

எங்கள் பக்கத்து ஊர் மணிக்கூண்டு நாலு இருபதில் நின்று ஆறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றியும் இரண்டு முறை எழுதினேன். ஒரு பொங்கல் சிறப்பிதழில் அதே மணிக்கூண்டை வண்ணப் படமாகப் போட்டு 'பாரம்பரியச் சின்னம்' என்று எழுதினீர்கள். படத்திலும் மணி நாலு இருபதுதான், வெயில் மட்டும் உச்சியில் அடிக்கிறது.

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் முப்பத்தாறு வருஷம் தபால் பிரித்தவன். ராத்திரி வண்டியில் ஸ்டேஷன் வருவதற்குள் பையைக் கட்டி முத்திரை வைத்தாக வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் பை அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த வேலைக்காக முதல் சம்பள பாக்கி வந்தபோது வாங்கியது ஒரு ஜனதா, டயலில் இந்தியில் 'ஜனதா' என்று எழுதியிருக்கும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்து குவிந்தபோது எல்லோரையும் போல எனக்கும் புத்தி மாறியது. ஒரு கடையில் பழையதைக் கொடுத்தால் நூற்றைம்பது ரூபாய் தள்ளுபடி என்றார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அதை மேஜைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. அந்த வாளியில் ஏற்கெனவே பத்து இருபது கிடந்தன. ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழும்பூர் வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜை மேஜையாக நான் தேடுவது எதை என்று உங்கள் நிருபர் கேட்கவில்லை. படத்தில் என் காதில் இருப்பது அதே மாதிரி. அதுவேதான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நான் அந்தக் கதம்ப வியாபாரி இல்லை.

உங்கள் வரி இங்கே செய்த வேலையையும் கேளுங்கள். மகள் துபாயிலிருந்து படத்தை அனுப்பி, சிரிக்கும் பொம்மை நாலு போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை வாக்கிங்கில் எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், பேட்டரி கிடைச்சுதா?" என்றார். புதன்கிழமை தெருமுனை மளிகைக்கடைப் பையன் மீதிச் சில்லறையோடு ஒரு பட்டன் செல்லையும் சேர்த்து வைத்தான். காசு வேண்டாமாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் திருத்தம் பகுதியில் ஒரே ஒரு வரி: '5-ஆம் பக்கப் படத்தில் உள்ளது சாவி கொடுக்கும் வாட்ச்.' 'வருந்துகிறோம்' எல்லாம் வேண்டாம், இடம் அடைக்கும். முடிந்தால் அந்தப் படத்தின் ஒரு பிரதியையும் அனுப்பி வையுங்கள், அச்சுச் செலவைக் கட்டிவிடுகிறேன். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர், ஸ்ரீரங்கம்.

(பெயரை வெளியிட வேண்டாம். முகம் ஏற்கெனவே வந்துவிட்டது, போதும்.)