சின்ன மரப்பட்டறை கார்டுக்கும் ஒரு ப்ரூஃப் காட்டுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூர்ல விசிட்டிங் கார்டு அடிச்சுக் குடுக்குற கடைக்காரங்களும், கார்டு அடிக்கப் போற நம்ம தச்சு வேலைக்காரங்களும் படிக்கணும்னுதான் இந்த லெட்டர எழுதுறேன், மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி கார்டு, அதாவது ப்ரூஃப், காட்டணும்ங்கிறதுதான் விஷயம், கொஞ்சம் நீளமா போயிடுச்சு, முடிஞ்சா வெட்டாம போடுங்க. ஸ்ரீராமபுரத்துல எங்க அண்ணன் சின்னதா ஒரு மரப்பட்டறை வச்சிருக்காரு. கதவு, நிலை, பூஜை ரூம், பழைய கட்டில் பீரோ ரிப்பேர், பாலிஷ், இதுதான் வேலை. உளியும் இழைப்புளியும் அவரு கையில, பில் போடுறது, போன் எடுக்குறது, பிளைவுட் கடையில பாக்கி பேசுறது எல்லாம் நான்.

வாட்ஸ்அப் இருக்கறப்ப கார்டு எதுக்குன்னு கேக்குறவங்க நிறைய பேர். மத்த தொழிலுக்கு எப்படியோ, மர வேலைக்கு கார்டு இல்லாம நடக்காதுங்க. ஒரு வீட்டுல வாசக்கதவு மாத்துறது எப்பவோ ஒரு தடவை, இன்னைக்கு பாத்து புடிச்சுப் போன ஆளுக்கு நம்ம நம்பர் தேவைப்படுறது ரெண்டு வருஷம் கழிச்சு வீடு கட்டும்போதுதான், அதுக்குள்ள போன் மாறியிருக்கும், மெசேஜ் எங்கயோ அடியில போயிருக்கும், ஆனா கார்டு மட்டும் பெஸ்காம் கரண்ட் பில்லோட சேந்து டிராயர்ல கிடக்கும். அதுவும் போக மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் மரம் வாங்க வர்றவங்க, பிளைவுட் கடைக்கு வர்றவங்க எல்லாரும் கல்லாவுல கேக்குற முதல் கேள்வியே "நல்ல கார்பெண்டர் யாராவது இருக்காங்களா"ங்கிறதுதான். கடைக்காரர் கண்ணாடிக்கு அடியிலேர்ந்து ஒரு கார்ட எடுத்து நீட்டுவாரு. அந்த கார்டு நம்மளுதா இருக்கணும்ல.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற விஷயம். இன்டீரியர் கம்பெனிக்கு அடி கணக்குல லேபர் கான்ட்ராக்ட் எடுத்து செய்யிற நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு, வார்ட்ரோப்லேர்ந்து கிச்சன் வரைக்கும் முழு வேலையும் இவங்க கைதான், ஆனா வீட்டுக்காரங்களுக்கு இவங்க பேர் கூட தெரியாது. சொந்தமா பட்டறை போட்டவருக்காவது அவரு பேர் அச்சுல வரணும், அதுவும் தப்பில்லாம வரணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில 1000 கார்டு ஆர்டர் குடுத்தோம், கடை பேரு வேணாம், ஏன்னா இது ஒரு கடையோட பிரச்சனை இல்ல. அண்ணன் செதுக்கின ஒரு தேக்குக் கதவோட போட்டோ குடுத்தோம், நடுவுல ரெண்டு அன்னப்பறவை, சுத்தி கொடி, ஒவ்வொரு இலையிலயும் நரம்பு தெரியும். பண்டல பிரிச்சா கதவயே காணோம், அதுக்கு பதிலா நெட்லேர்ந்து எடுத்த ஒரு வெளிநாட்டு சோஃபா. கேட்டா "உங்க போட்டோ டல்லா இருந்துச்சு மேடம், இது ரிச்சா இருக்கும்"னாங்க. அண்ணன் சோஃபாவே செய்யிறதில்ல. செய்யாத பொருள கார்டுல போட்டு நீட்டுறது பொய்தானேங்க, அத நம்பி வர்ற கஸ்டமருக்கு என்ன பதில் சொல்றது?

போட்டோ சரியில்லங்கிற சாக்கையும் நான் ஒத்துக்க மாட்டேன். கார்டு சைஸ் மூணரை இன்ச்சுக்கு ரெண்டு இன்ச்சு, இன்ச்சுக்கு 300 புள்ளின்னு கணக்கு போட்டா 1050க்கு 600 பிக்சல் போதும், இப்ப இருக்குற சாதாரண போன்லயே அத விட பல மடங்கு வருது. வாட்ஸ்அப்ல அனுப்பும்போது போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பினா தரம் குறையாது. செதுக்கு வேலை நல்லா தெரியணும்னா காலைல வெயில் சாய்ஞ்சு விழும்போது எடுக்கணும், ஃபிளாஷ் போட்டா எல்லாம் தட்டையா போயிடும்.

அடுத்தது கலர். தேக்கு கலர்ல பார்டர் கேட்டா மெரூன்ல வந்துச்சு. அதுக்கப்புறம் விசாரிச்சப்பதான் காரணம் புரிஞ்சுது, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல தெரியிறது சிவப்பு பச்சை நீலம்னு வெளிச்சத்துல வர்ற கலர், அச்சுல வர்றது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மையில வர்றது, ரெண்டும் அச்சு அசலா ஒத்துப் போகாது. அதோட நிறைய கடைங்க ஆர்டர் மட்டும் எடுத்துட்டு வேற பிரஸ்ஸுக்கு அனுப்பிடுறாங்க, அங்க பல பேரோட கார்டுங்கள ஒரே பெரிய ஷீட்ல சேத்து அடிக்கிறாங்க, விலை கம்மியா வர்றது அதனாலதான், ஆனா உங்க ஒரு கார்டுக்காக மெஜந்தாவ குறைச்சா பக்கத்துல இருக்குற கார்டு கெட்டுடும், அதனால யாரும் குறைக்க மாட்டாங்க. பிரவுன் கலருக்கு இது பெரிய ஆபத்து, கொஞ்சம் மெஜந்தா ஏறினாலே சிவந்துடும். இத ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருந்தா நாங்க கருப்பு எழுத்து மட்டும் போதும்னு சொல்லியிருப்போம்.

தமிழ் எழுத்து கதை இதவிட மோசம். பின் பக்கம் "கோயில் கதவு"ன்னு டைப் பண்ணிக் குடுத்தது "ேகாயில் கதவு"ன்னு வந்துச்சு. டிசைன் பண்ற கோரல் டிரா சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்ல, போன்ல டைப் பண்ற யூனிகோட் தமிழ ஒட்டினா கொம்பும் காலும் இப்படித்தான் பிச்சுக்கும், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சு வேற சிஸ்டத்துக்கு அனுப்பினா அந்த ஃபான்ட் அங்க இல்லன்னா மொத்தமும் குப்பையாயிடும். கன்னடத்துக்கும் இதே தலைவலி இருக்கு. எழுத்த எல்லாம் கர்வ் (curve), அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு உருவமா மாத்தி அனுப்பினா இந்த பிரச்சனை வராது, டிசைன் பண்றவங்களுக்கு இது ரெண்டு கிளிக் வேலை. ஆனா மாத்துறதுக்கு முன்னாடி அந்த மொழி தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுப் பாக்கணும்.

மொழின்னதும் ஒண்ணு சொல்லிடுறேன். 60 சதவீதம் கன்னடம் இருக்கணும்ங்கிற விதி கடை போர்டுக்குத்தான், விசிட்டிங் கார்டுக்கு இல்ல. இருந்தாலும் முன் பக்கம் கன்னடமும் இங்கிலீஷும் போடுங்கன்னுதான் நான் சொல்வேன், நமக்கு வேலை குடுக்குறவங்க பாதிக்கு மேல கன்னடக்காரங்க, அவங்க வீட்டு பெரியவங்க கையில எடுத்தா படிக்க வரணும். பின் பக்கம் தமிழ். அல்சூர், மர்ஃபி டவுன், நம்ம ஸ்ரீராமபுரம்னு தமிழ் ஆளுங்க வீடும் கோயிலும் எத்தனை இருக்கு.

க்யூஆர் கோட் போடுறவங்க தயவு செஞ்சு கவனிங்க. சில டிசைன்காரங்க நெட்ல ட்ரையல்ல கிடைக்கிற டைனமிக் க்யூஆர், அதாவது வேற ஒரு கம்பெனி சைட் வழியா சுத்திப் போற கோட், போட்டுடுறாங்க, அந்த ட்ரையல் முடிஞ்சதும் ஸ்கேன் பண்ணா பணம் கட்டச் சொல்லி எவனோ ஒருத்தன் பக்கத்துக்குப் போகுது, 1000 கார்டும் அதோட வீண். ஸ்டாட்டிக்னு கேட்டு வாங்குங்க, நம்பரோ வாட்ஸ்அப் லிங்கோ நேரா அந்த கோடுக்குள்ளயே இருக்கும், யாரும் நிறுத்த முடியாது. வெள்ளை மேல கருப்பா, ரெண்டு சென்டிமீட்டருக்கு குறையாம, சுத்தி கொஞ்சம் வெத்திடம் விட்டு போடணும், மர டிசைன் மேல அடிச்சா பாதி போன் எடுக்கவே எடுக்காது.

லேமினேஷன் விஷயத்துல அண்ணன் என்னைய விட தெளிவா இருந்தாரு. எங்களுக்கு கார்டு பின் பக்கம் எழுதுறதுக்கு வேணும், சைட்ல நின்னு நிலை அளவு எடுத்து 7 அடிக்கு மூணரைன்னு அதுலயே குறிச்சு குடுப்பாரு, பளபளன்னு இருக்குற கிளாஸி லேமினேஷன்ல பால் பென் வழுக்கும். சரி முன் பக்கம் மட்டும் லேமினேட் பண்ணிக்கலாம்னு நான் சொன்னதுக்கு, ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டின பலகை மாதிரி வளைஞ்சுக்கும்மா, மழை ஈரத்துல மூடாத பக்கம் மட்டும் உப்பும், வேணாம்னாரு. கேட்டுப் பாத்தா பிரஸ்லயும் அதையேதான் சொல்றாங்க. அதனால லேமினேஷனே இல்லாம 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) கெட்டி பேப்பர்ல போடுறதுதான் நம்ம தொழிலுக்கு நல்லது, பாலிஷ் கைல தொட்டா கறை படும், பட்டா படட்டும். வெனீர்ங்கிற மெல்லிசு மரத் தகட்டுல லேசர் போட்டு மரத்துலயே கார்டு பண்ணித் தர்றாங்க, பாக்க அழகா இருக்கு, ஆனா வெறும் வெனீர் நார் வாட்டத்துல படக்குனு பிளந்துடும், ஆர்க்கிடெக்ட்டுக்கு குடுக்க பத்து இருபது வச்சுக்கலாம், எல்லாருக்கும் குடுக்க கட்டாது.

ஜிஎஸ்டி நம்பர் இல்லாம கார்டு அடிக்கக் கூடாதுன்னு ஒரு கடையில மிரட்டினாங்க, அப்படி எதுவும் இல்ல. பதிவு பண்ணவங்க நம்பர வாசல் போர்டுல போடணும்னுதான் விதி. மாநிலத்துக்குள்ள பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் வரைக்கும், சர்வீஸுக்கு 20 லட்சம் வரைக்கும் பதிவே தேவையில்ல, ஆனா ஓசூருக்கு கதவு செஞ்சு விக்கப் போறீங்கன்னா மாநிலம் தாண்டுது, அது வேற கணக்கு, ஆடிட்டர கேளுங்க. சிறு தொழிலுக்கு அரசாங்கம் குடுக்குற உத்யம் பதிவு நம்பர் கார்டுல இருந்தா அபார்ட்மென்ட்காரங்க கொஞ்சம் மதிக்கிறாங்க, அது அரசாங்க சைட்ல இலவசம், பணம் கேக்குறவங்ககிட்ட ஏமாறாதீங்க.

பிரஸ்காரங்கள நான் குறை மட்டும் சொல்லல, அவங்களும் கூலிக்கு கஷ்டப்படுறவங்கதான், ஒரு கார்டு ஆர்டர்ல பெருசா ஒண்ணும் மிஞ்சாதுன்னும் தெரியும். நான் கேக்குறது ரெண்டே விஷயம். மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி அதே பேப்பர்ல டிஜிட்டல்ல ஒரு கார்டு அடிச்சு கையில குடுங்க, நம்பர் ஒவ்வொண்ணா படிச்சு, க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பாத்து, கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் மிஷின்ல ஏத்துங்க, அதுக்கு தனியா காசு கேட்டாலும் தர்றோம். ரெண்டாவது, டிசைனுக்கு பணம் கட்டினவங்களுக்கு அந்த ஃபைல மெயில்லயோ பென்டிரைவ்லயோ குடுத்துடுங்க, நாளைக்கு பட்டறை இடம் மாறினா அட்ரஸ் ஒரு வரிய திருத்துறதுக்கு மறுபடியும் முழு டிசைன் சார்ஜ் கட்டுற மாதிரி வைக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு - 21