செவ்வாய்க்கிழமை பயிற்சி: வருவதற்கு முன் படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். செவ்வாய் மதியம் 2 மணிக்கு, பாரில் பானம் கலந்து பரிமாறும் நம் எல்லோருக்கும் பயிற்சி. ஆளுக்கொரு ஜிகர் (மது அளக்கும் சிறு குவளை) கொண்டுவாருங்கள். கண்ணளவில் ஊற்றிப் பழகியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் டைக்கிரி என்ற ரம் காக்டெய்ல். வெள்ளை ரம் 60 மில்லி, லைம் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. மூன்றே பொருள் என்பதால் 5 மில்லி தவறினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். மூன்றையும் ஐஸோடு ஷேக்கரில் (மூடிக் குலுக்கும் குவளை) போட்டு, அதன் வெளிப்புறம் பனி பூத்து விரல் மரத்துப்போகும் வரை, சுமார் 12 வினாடி, வேகமாகக் குலுக்க வேண்டும். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் அந்தப் பானத்தில் ஒரு பங்குதான். மார்ட்டினி மாதிரி சாறு சேராதவற்றைக் கரண்டியால் கலக்கினால் போதும்.

அப்புறம், என் மனதுக்கு இதைவிட முக்கியமான பகுதி: எப்போது நிறுத்துவது. ஒருமுறை நான் இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தவர், மேசையிலிருந்த கார் சாவியை இரண்டு தடவை தடவி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. பேச்சு குழறுவது, குரல் திடீரென உயர்வது, சில்லறை எண்ணத் தடுமாறுவது, இவற்றைக் கவனியுங்கள். காபி கொடுத்தால் போதை இறங்காது. அதற்கு நேரம்தான் ஆக வேண்டும். இனி ஊற்ற முடியாது என்று மறுக்கும்போது மற்றவர் காதில் விழாமல், பக்கத்தில் போய், "இன்றைக்கு இது போதும் சார், தண்ணீர் தருகிறேன், டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். இதை இருவர் இருவராக நடித்தே பழகுவோம்.

வர முடியாதவர்கள் திங்கள் மாலைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.