துணியை மனைவி எடுக்கட்டும், அளவுக்கு ஆள் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவனுக்கு வேண்டிய சட்டையையும் பேண்ட்டையும் எடுக்கும் பொறுப்பை மனைவியிடம் விடலாமா என்று தங்கள் இதழில் சில வாரங்களாக வாசகர்கள் எழுதிவருவதைப் படித்துவருகிறேன். சென்ற இதழில் எழுதிய அன்பர், தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்காத ஆண் நாளடைவில் தன் விருப்பத்தையே மறந்துவிடுவான் என்று முடித்திருந்தார். வேலூர் லாங்கு பஜாருக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் 32 ஆண்டுகளாக ஆண்களுக்குத் துணி தைத்து வருபவன் நான். துணியை யார் எடுத்தார்கள், அது உடுத்துபவருக்குப் பொருந்தியதா, பொருந்தாமல் போனபோது வீட்டில் யார் ஏச்சு வாங்கினார்கள் என்பதையெல்லாம் வெட்டு மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் என்பதால், எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது. துணி எடுக்கும் பொறுப்பை மனைவியிடம் தாராளமாக விடலாம், ஆனால் அளவு கொடுக்கும் பொறுப்பை எவரிடமும் விடக்கூடாது என்பதே என் கருத்து.

வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ்கள் தனித்தனியாகிவிட்டாலும் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் பக்கத்துக் குடும்பங்கள் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க இன்றும் வேலூருக்கு வருகின்றன. அப்படி எடுத்த துணியை என் கடைக்குக் கொண்டுவருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கையில் சட்டைத் துணியும், அதோடு ஒரு பழைய சட்டையும் இருக்கும். ஆளுக்குப் பதிலாக அளவெடுக்கக் கொண்டுவரும் அந்தப் பழைய சட்டையைத்தான் அளவுச் சட்டை என்போம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் துணியைப் பற்றி. ஜவுளிக்கடையில் ஒரு பெண் துணி பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தைக் கைக்குள் வைத்துக் கசக்கிப் பிடித்து, விட்டவுடன் எத்தனை சுருக்கம் நிற்கிறது என்று பார்ப்பார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறத்தை நம்பாமல் வாசல்வரை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். அடர்ந்த நீலமோ மெரூனோ என்றால் கைக்குட்டையின் முனையை நனைத்துத் துணியில் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதித்த ஒரு அம்மாவை நானே பார்த்தேன். சாயம் ஒட்டியது, அந்தத் துணியை அவர் எடுக்கவில்லை. இந்தக் கவனம் பெண்ணாகப் பிறந்ததால் வருவதன்று, துவைப்பதால் வருவது. எந்தச் சட்டை மூன்றாம் துவையலில் வெளுக்கும், எந்தக் காலரில் படிந்த வியர்வைக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது, எது அயர்ன் பெட்டிக்கு அடங்கும், எது அடங்காது என்பதை வாரம் தவறாமல் கையால் தொட்டு அறிந்தவருக்குத் தெரிவதுபோல, மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் மாலையில் கழற்றிக் கொடியில் போடுபவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு அறை எடுத்துத் தங்கித் தன் துணியைத் தானே துவைத்த ஆண்களும் இப்படித்தான் துணி எடுக்கிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்க விரும்பும் கணவன், முதலில் ஆறு மாதம் அதைத் தானே துவைத்துப் பார்க்கட்டும் என்பேன்.

இதில் மனைவியின் பக்கமே முழு நியாயமும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. துவைப்பவருக்கு எளிதான துணி, உடுத்துபவருக்கும் எளிதாக இருக்கும் என்று உறுதியில்லை. பாலியஸ்டர் கலந்த துணி சீக்கிரம் காயும், சுருக்கம் விழாது, வருடக்கணக்கில் உழைக்கும். வேலைகளைத் தனியாகச் சுமக்கும் பெண் அதை எடுப்பதில் வியப்பில்லை. ஆனால், நம் வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் சுமார் 8 சதவீதம் வரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. கத்திரி வெயிலில் பேருந்தில் நின்றுகொண்டு டிக்கெட் கிழிக்கும் ஒருவர், முதுகெல்லாம் வேர்க்குருவோடு என் கடைக்கு வந்து, "வீட்ல எடுத்துட்டாங்க, நான் எப்படிண்ணா வேணான்னு சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். சொல்லத்தான் வேண்டும். எங்கே நின்று வேலை செய்கிறோம், எந்தத் துணி உடம்பை உறுத்துகிறது என்பதைக் கணவன் வாய் திறந்து சொல்லாவிட்டால் எவ்வளவு அக்கறையுள்ள மனைவிக்கும் அது தெரியப்போவதில்லை.

'விடலாமா' என்ற கேள்வியே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கல்யாணத்தில் பெண்ணின் முகூர்த்தப் புடவையை எடுப்பது நம் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார்தான். ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய், வாழ்நாள் முழுவதும் அவள் பெட்டியில் வைத்துக் காக்கப்போகும் புடவையின் நிறத்தை மற்றவர்கள் முடிவு செய்த காலம் இருந்தது. இன்றும் பல வீடுகளில் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதே பெரிய காரியம். தன் புடவையைக் கணவன் வீட்டார் எடுக்க விடலாமா என்று யாரும் பத்திரிகைக்கு எழுதியதில்லை. தலை தீபாவளிக்கு மாமனார் எடுத்த வேட்டி சட்டையை, ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் உடுத்திக்கொண்ட மாப்பிள்ளைக்கு, அடுத்த தீபாவளிக்கு மனைவி எடுப்பது மட்டும் எப்படித் தன்மானக் குறைவாகிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இனி அளவுச் சட்டைக்கு வருகிறேன். நான் இக்கடிதத்தை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு அம்மா மூன்று சட்டைத் துணிகளோடு ஒரு சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றும் அருமையான துணிகள். நிறங்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துப் பார்த்து எடுத்தவை. கணவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு நேரமில்லை, இது அவருக்குச் சரியாக இருக்கிற சட்டைதான் என்றார். அவசரத்தில் நானும் வற்புறுத்தவில்லை. அது என் தவறு. பண்டிகைக்கு முதல் நாள் மாலை கணவர் வந்து போட்டுப் பார்த்தார். வயிற்றுப் பகுதியில் இரண்டு பொத்தான்கள் எட்டவேயில்லை. கடை நிறைய ஆட்கள் இருக்கையில், "ஒரு சட்டை எடுக்கத் துப்பில்லை" என்று அந்த அம்மாவைத்தான் ஏசினார். துணியில் எந்தக் குறையும் இல்லை, குறை அளவில் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அந்த அம்மா கவுண்டரின் மேலிருந்த மூன்று சட்டைகளையும் ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்; நிமிர்ந்து பார்க்கவில்லை. தையல் மடிப்பில் விட்டுவைத்த துணியைப் பிரித்து ஒரு சட்டையை மட்டும் அன்றிரவே சரிசெய்து கொடுத்தேன். மற்ற இரண்டும் வீணாயின.

அளவுச் சட்டை ஏன் ஏமாற்றும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணி முதல் துவையலிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை சுருங்கக்கூடும். 30 அங்குலச் சட்டையில் இது ஏறக்குறைய ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம்வரை போய்விடும். பலமுறை துவைத்த சட்டையில் நாங்கள் எடுப்பது சட்டையின் அளவைத்தான், ஆளின் அளவை அன்று. அந்தச் சட்டை அவருக்குச் சரியாக இருந்த காலத்தில் அவர் உடம்பு எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. மண்டித் தெருவில் பல வருடங்கள் மூட்டை தூக்கியவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். நாளெல்லாம் மேசையில் குனிந்து எழுதுபவருக்கு முதுகு வளைந்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நீளம் கூடுதலாகத் தேவைப்படும். இவற்றை ஆள் நேரில் நின்றால்தான் பார்க்க முடியும். ரெடிமேட் சட்டையிலும் இதே கதைதான். ஒரு கம்பெனியின் 40-ஆம் நம்பர் இன்னொரு கம்பெனியின் 42-க்குச் சமமாக இருக்கிறது. போட்டுப் பார்க்க வேண்டியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால், கடையில் நிற்பவர் என்ன செய்வார்?

கணவனின் அளவு தெரியாமல் துணி எடுத்தாலும் சிரமம்தான். முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், இரண்டரை மீட்டர், 58 அங்குலப் பன்னாவில் 1.60 மீட்டர் என்று ஜவுளிக்கடையில் வழக்கமாகக் கிழித்துக் கொடுப்பார்கள். பருத்த உடம்புக்கு அது போதாது. குடியாத்தம் கைலியும் நான்கு முழ வேட்டியும் எடுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றை மனைவி எடுத்தால் என்ன, மகள் எடுத்தால் என்ன.

என் வீட்டில் எனக்குத் துணி எடுப்பவர் என் மனைவிதான். நாள் முழுவதும் துணிக்குள்ளேயே கிடக்கும் எனக்கு, எனக்கென்று எடுக்கப் போனால் பழகிய சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் இளம்பச்சையில் ஒரு துணி எடுத்துவந்தபோது தயங்கித் தயங்கித்தான் தைத்துப் போட்டுக்கொண்டேன். இன்று பண்டிகை நாளில் என் கை முதலில் அந்தச் சட்டையைத்தான் தேடுகிறது. விருப்பத்தை இழந்துவிடுவோம் என்று அஞ்சும் அன்பருக்கு இதைச் சொல்லத் தோன்றியது: எனக்கு இளம்பச்சை பிடிக்கும் என்பது அவர் எடுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

தீபாவளி நெருங்குகிறது. எங்களைப் போன்ற சிறு கடைகளில் பண்டிகைக்குச் சுமார் பதினைந்து நாட்களுக்கு முன்பே தைப்பதற்குப் புதிதாகத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடுவோம். துணியை வீட்டுப் பெண்கள் எடுத்துவரட்டும். ஆனால், உடுத்தப்போகிறவர் அதற்குள் ஒருநாள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலாவது கடைக்கு வந்து டேப்புக்கு நிற்க வேண்டும். இரவு ஒன்பது மணிவரை கடை திறந்திருக்கும். அளவெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஆண்கள் தையற்காரர் ஒருவர்,
வேலூர்.