இலங்கைக்குப் போய் செத்த நம்ம பிள்ளைகள யாரு நெனைக்கா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கார்கில் நாள் அன்னைக்கு உங்க பேப்பர்ல பெருசா போட்டிருந்தீங்க, 1999ல பாகிஸ்தானோட நடந்த கார்கில் சண்டைல செத்த 527 பேருக்கும் மரியாதை செஞ்ச படமெல்லாம் பாத்தேன், கண்ணு கலங்கிட்டு. நல்ல காரியம். ஆனா அதுக்கு மூணாம் நாளு ஜூலை 29, அன்னைக்கு ஒரு வரி கூட காணோம். 1987ல அந்தத் தேதிலதான் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்புல ஒப்பந்தம் போட்டாங்க, அதோட நம்ம ராணுவம் அமைதிப் படைன்னு பேரு வச்சுக்கிட்டு யாழ்ப்பாணம் போச்சு, 1990 மார்ச்ல கடைசிக் கப்பல் திரும்புறதுக்குள்ள ஏறத்தாழ 1,200 பேரு செத்துட்டாங்க. கார்கில விட ரெண்டு மடங்கு. அதுல ஒருத்தன் எங்கண்ணன்.

எங்க ஊரு களக்காடு பக்கம். ரெண்டு வருஷம் மழை இல்லாம வயக்காடு காஞ்சு கெடந்தப்பதான் அவன் பாளையங்கோட்டைக்குப் போயி ஆள் எடுப்புல நின்னான், எடுத்துட்டாங்க, நீலகிரில இருக்க வெலிங்டன்ல டிரெய்னிங். நாட்டுக்காகப் போறேன்னெல்லாம் அவன் சொல்லல, தங்கச்சிக்கு நகை சேக்கணும்னுதான் சொன்னான். அந்தத் தங்கச்சி நாந்தான்.

இலங்கைலேர்ந்து அவன் எழுதுன லெட்டர் ரெண்டு எங்கிட்ட இருக்கு. முதல்ல வந்ததுல, இங்கன எங்களுக்கு மாலை போடுதாவ, இளநி வெட்டித் தாராவ, ஆச்சிமாரு எல்லாம் நம்ம ஆச்சி மாதிரியே இருக்காவன்னு எழுதிருக்கான். அக்டோபர்ல புலிகளோட சண்டை ஆரம்பிச்ச பொறவு வந்தது ரெண்டாவது லெட்டர். அதுல, தண்ணி கேட்டா கதவ அடைக்காவ, நான் தமிழ்ல பேசுனா இன்னும் கோவமா பாக்காவ, அம்மைட்ட சொல்லாதன்னு இருக்கு. நானும் அம்மைட்ட சொல்லல.

கார்த்திகைல தந்தி வந்துச்சு. உடம்பு வரல, அங்கனயே எரிச்சிட்டாங்களாம். கொஞ்ச நாள் கழிச்சு அவன் டிரங்குப் பெட்டி வந்துச்சு, கருப்புப் பெயிண்ட் அடிச்சு வெள்ளை எழுத்துல அவன் நம்பரும் பேரும் எழுதிருந்தது. உள்ள ஒரு ஸ்வெட்டர், பாதி தேஞ்ச சோப்பு, இலங்கைக் காசு நாலஞ்சு. எங்கம்மை அந்தச் சோப்ப மட்டும் எடுத்து துணில முடிஞ்சு வச்சுக்கிட்டா, சாகுற வரைக்கும் யாரையும் தொட விடல.

அம்மைக்கு வாய் விட்டு அழக்கூட முடியல ஐயா. அந்த நேரத்துல ஊரே ஈழத்துச் சனங்களுக்காக உருகிட்டு இருந்துச்சு, நம்ம தமிழாள சுடப் போனவன்தானேன்னு எங்க தெருவுலயே ஒருத்தர் காது கேக்கப் பேசினாரு. 1990ல திரும்பி வந்த படைய வரவேற்க அப்ப முதலமைச்சரா இருந்த கலைஞர் போகல. எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சுது. பின்னாடி வயசாக வயசாக படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், 1987 தீபாவளி அன்னைக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம ராணுவம் புகுந்து சுட்டதுல டாக்டரு, நர்சு, படுத்துக் கெடந்த நோயாளின்னு 60 பேருக்கு மேல செத்திருக்காங்க. அந்தத் தீபாவளிக்கு எங்கண்ணன் உயிரோடதான் இருந்தான். எங்கன இருந்தான், என்ன செஞ்சான்னு எங்களுக்குத் தெரியாது. இத எழுதுறதுக்கே எனக்குக் கை நடுங்குது, ஆனாலும் மறைச்சு வச்சு அவனுக்கு மாலை போட எனக்கு மனசு வரல.

இந்திய அமைதிப் படைக்கு கொழும்புப் பக்கத்துல அந்த நாட்டு அரசாங்கமே நினைவுச் சின்னம் கட்டி வச்சிருக்கு. டெல்லில 2019ல திறந்த போர் நினைவுச் சின்னத்துல 25,000 வீரர்களுக்கு மேல பேரு கல்லுல வெட்டியிருக்காங்க. என் மவன் டெல்லி போனப்ப தேடிப் பிடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புனான், செங்கல் அளவுல ஒரு கல்லு, அதுல எங்கண்ணன் பேரு. போனு ஸ்கிரீன்ல அத தடவித் தடவிப் பாத்தேன். செத்த வீரனுக்குக் கல்லு நட்டுப் பேரு வெட்டுறது நம்ம மண்ணுல ரெண்டாயிரம் வருஷத்துப் பழக்கம், ஆனா எங்க ஊருல அவன் பேரு எங்கயும் கெடையாது. ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம், அது பழைய சங்கதிம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

2025 மே மாசம் பாகிஸ்தானோட நாலு நாள் சண்டை நடந்துச்சுல்லா, அப்ப டிவிய போட்டா மேப்ப வச்சுக்கிட்டு இன்னும் அடி இன்னும் அடின்னு கத்துதாங்க, எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக கைதட்டிப் பாக்குதுக, அந்நேரம் காஷ்மீர் எல்லைல இருக்க பூஞ்ச்ல ஷெல் விழுந்து சின்னப் பிள்ளைக கூடச் செத்துச்சு. அனுப்பி வச்சவங்க எல்லாம் பொறவு புத்தகம் எழுதுதாங்க, பேட்டி குடுக்காங்க, இலங்கைக்குப் படைய அனுப்புனது தப்புன்னு இப்ப எத்தனையோ பேரு சொல்லுதாங்க. அத அனுப்புறதுக்கு முன்னாடி நெனைச்சிருந்தா எங்கம்மை சோப்புக் கட்டிய முடிஞ்சு வச்சிருக்க மாட்டாளே. போர் வேண்டாம்னு சொன்னா பட்டாளத்துக்காரன அவமானப்படுத்துறதா சொல்லுதாவ. பட்டாளத்துக்காரன் வீட்டுல பொறந்தவ நான் கேக்கேன், எதுக்கு அனுப்புனீங்கன்னு கேக்க எங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்குதேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி நாலு மாவட்டத்துலயும் இலங்கைல செத்துப்போன பிள்ளைக யாருயாருன்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு வாங்கி, அடுத்த ஜூலை 29க்கு பேரும் படமும் போடுங்க. அதே பக்கத்துல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரில செத்தவங்களப் பத்தியும் போடுங்க. ரெண்டும் ஒரே பக்கத்துல வரணும். எங்கண்ணன் யூனிபார்ம்ல நிக்குற படம் ஒண்ணு இருக்கு, வெலிங்டன்ல இருக்கும்போது ஸ்டுடியோல எடுத்தது, தொப்பி கொஞ்சம் சரிஞ்சிருக்கும். கேட்டீங்கன்னா நானே கொண்டாந்து தாரேன், தபால்ல அனுப்ப மனசு வரல.

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி,
களக்காடு.