ஐஸ்லாந்துக் காற்றை நசுக்காதீர்கள்

பழைய ஆல்பங்களை வினைலில் மறுபதிப்பு செய்யும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மான்செஸ்டரின் ‘தி ஃபால்’ ராக் இசைக்குழு 1982 மார்ச்சில் வெளியிட்ட ‘ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்’ ஆல்பத்தை இனி யார் பதித்தாலும், தயவுசெய்து இரண்டு தட்டுகளாகப் பதியுங்கள்.

ஆல்பம் ஒரு மணி நேரம் ஓடும். ஒரே தட்டு என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் அது ஆயிரம் சுற்று. ஓரத்திலிருந்து உள்வட்டம் வரை, ஊசி ஓடும் தடத்தை வெட்டக் கிடைப்பது சுமார் 86 மில்லிமீட்டர். ஆக, சுற்றுக்கு 0.086 மி.மீ.தான். இருபது நிமிடப் பக்கத்தில் 0.13 கிடைக்கும். தடங்கள் ஒன்றையொன்று வெட்டாமலிருக்க ஒலி அளவைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் தட்டின் சரசரப்பு மேலே வரும்.

அதில் முதலில் அடிபடுவது மெல்லிய பாட்டுகள். ‘ஹிப் ப்ரீஸ்ட்’, ‘ஐஸ்லாந்து’ இரண்டும் 1981இல் கச்சேரிக்காக ஐஸ்லாந்து போன இடத்தில், அங்குள்ள ஸ்டுடியோவிலேயே பதிவானவை. விடுதி ஜன்னலில் மோதிய காற்றை கேசட்டில் பிடித்துவந்து, அதை ஓடவிட்டபடிதான் குழுவின் பாடகர் மார்க் ஈ. ஸ்மித் ‘ஐஸ்லாந்து’ பாடினார். பியானோ, பாஞ்சோ, அந்தக் காற்று: பாட்டின் உயிரே அவைதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளை இதன்மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். அதற்குக் காற்றும் டேப் இரைச்சலும் ஒன்றுதான்.

கடைசிப் பாட்டான ‘அண்ட் திஸ் டே’க்கு வேறு தொல்லை. பத்து நிமிடம், இரண்டு டிரம்மர்கள். ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு 51 செ.மீ. ஓடும் தடம், உள்வட்டத்தில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. சிம்பல் ஒலி மழுங்கிக் கரகரக்கும் இடம் அதுதான். அங்கேயா இந்தப் பாட்டை வைப்பது?

இப்படிப் பிரிக்கலாம். முதல் பக்கம் ‘ஹிப் ப்ரீஸ்ட்’ முடிய, சுமார் 17 நிமிடம். இரண்டாவது, ‘விண்டர்’ முதல் பாதி முடிய, 14. மூன்றாவது, ‘ஐஸ்லாந்து’ முடிய, 19. நான்காவதில் ‘அண்ட் திஸ் டே’ மட்டும், வெளி ஓரத்திலிருந்து. பாட்டு வரிசை மாறாது. பழைய தட்டைப் புரட்டும்போது ‘விண்டர்’ அறுந்த அதே இடத்தில் இங்கே தட்டு மாறும். அந்த இரு பாதிகளை ஒட்டிவிடாதீர்கள். தேய்ந்து மறைந்து மீண்டும் எழுவது அந்த ஆல்பத்தின் உடம்பு.

டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைக்காக முதலில் பதிக்கும் தட்டு) வந்ததும் மூன்றாம் பக்கக் கடைசியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். காற்றும் சரசரப்பும் தனித்தனியாகக் கேட்காவிட்டால் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
இந்த ஆல்பத்தைத் தட்டில் கேட்பவர்கள்