தொய்ந்தது படமா, நீயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய விமர்சனத்தை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை. நாற்பது வயதுக்கு மேல், வேலையும் பார்த்துக்கொண்டு எழுத வந்திருக்கிறாய். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆனால் 'இடைவேளைக்குப் பிறகு தொய்வு' என்று மூன்று இடத்தில் வருகிறதே, தொய்ந்தது படமா, நீயா? எந்தக் காட்சியில் உன் கை செல்போனைத் தேடியது? அதை எழுதியிருந்தால் நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 'திரைக்கதையில் விறுவிறுப்பு போதாது', 'கத்திரிக்கு இன்னும் வேலை கொடுத்திருக்கலாம்' என்று இருபது வருஷம் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியவன் நான். வெள்ளிக்கிழமை மேட்னியில் இருட்டுக்குள் நோட்டில் கிறுக்குவேன், வரி மேல் வரி ஏறிக் கிடக்கும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து என் கையெழுத்தை நானே கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

1979-இல் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' வந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கடைசிக் காட்சி உனக்கே தெரியும். ஊரே கூடி, விஜயன் நடித்த அந்த அக்கிரமக்காரன் சுந்தரவடிவேலுவை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற பொருளில் அவன் பேசுவான். அந்த வசனம் என் காதில் விழுந்தது, நோட்டிலும் இருந்தது. ஆனாலும் 'அக்கிரமக்காரனுக்கு ஊர் கொடுத்த சரியான பாடம்' என்றுதான் எழுதினேன். விஜயன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். என் ஆத்திரத்தைத்தான் விமர்சனம் என்று அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைப் படித்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "கரையில நின்ன அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் இனிமே யாருங்க சோறு போடுவாங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என் ஒன்றரைப் பத்தியில் அவனுடைய அந்தக் குழந்தைகளே இல்லை. மறுநாள் தனியாகப் போய் மறுபடி பார்த்தேன். அசோக்குமாரின் கேமரா அந்த ஆற்றங்கரையை எவ்வளவு நிதானமாகப் பார்க்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் தடவை நான் அவன் எப்போது சாவான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யோடு ஒப்பிட்டு, கதையைச் சிதைத்துவிட்டார் என்று அந்த நாளில் சிலர் சண்டைக்கு நின்றார்கள். மகேந்திரன் அதிலிருந்து எடுத்தது ஒரு பொறிதான். டைட்டிலில் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார். அதற்குமேல் கதைக்கும் படத்துக்கும் வரப்புத் தகராறு எதற்கு? 'முள்ளும் மலரும்' உமாசந்திரனின் நாவல்தான், அங்கேயும் தன் வழிக்குத்தான் கொண்டுபோனார்.

இன்னொன்று. மகேந்திரனும் நம் ஜாதிதான், 'துக்ளக்'கில் விமர்சனம் எழுதியவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவைக் கிழித்தாராம். கல்லூரியில் ஒருத்தன் காதலித்தால் ஊரே கூடித் தண்டிக்கிறது, சினிமாவில் தெருவில் டூயட் பாடுகிறார்கள், ஒருத்தரும் கேட்பதில்லை என்று. எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பின்னால் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதவே கூப்பிட்டார். 1978-இல் 'முள்ளும் மலரும்' எடுக்க வாய்ப்புக் கிடைத்தபோது அந்த மனுஷன் வசனத்தைக் குறைத்தார். வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் நொந்துபோனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மேடையில் குறை சொன்னவர் பிறகு அதற்குப் பதிலும் எடுத்துக் காட்டினார். நான் குறை சொன்னதோடு சரி.

மார்க் போடுகிறாயே, பத்துக்கு ஆறு, அது வேண்டுமா? '16 வயதினிலே'வுக்கு விகடன் நூற்றுக்கு 62.5 கொடுத்தது இன்றைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேள், ஒருத்தர் வாய் திறக்க மாட்டார். அந்த அரை மார்க்கை எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆசிரியர் மார்க் கேட்டால் போட்டுத்தான் ஆகணும், தெரியும். கடைசி வரியில் போடு. முதல் வரியில் போட்டால் மீதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

நீ விமர்சனம் எழுதிய அந்தப் படத்துக்கு நானும் அம்மாவும் முந்தாநாள் போனோம். முழங்கால் வலியோடு படியேறினாள், பாவம். திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த அண்ணன்காரன் கதாபாத்திரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டிராஃபிக்கில் பாதிதான் கேட்டது. உன் விமர்சனத்தில் அது இல்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அவ போன் பண்ணட்டும், அவகிட்டயே சொல்றேன்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணு. ஸ்பீக்கரில் போடச் சொல், நானும் கேட்கணும்.

அப்பா